தொடாமல் போனவள்

என் அறைக் கதவின் தாழ்ப்பாள் பித்தளை. முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். இப்போது தேய்ப்பதில்லை. அதுவாகவே பளபளவென்று இருக்கிறது.

சிவகாசியில் அச்சகங்கள் நிறைந்த ஒரு தெருவில், மாடியில் என் அறை. சென்னையில் உளவியல் படித்துவிட்டு இரண்டாயிரத்து மூன்றில் ஊர் திரும்பினேன். 'யோகேஸ்வரி, மனநல ஆலோசகர்' என்று பலகை மாட்டினேன். வெகுகாலம் யாரும் படியேறவில்லை. ஏறினால் பைத்தியம் என்று தெரு சொல்லிவிடும்.

அண்ணன் தனுஷ்கோடிக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கேலி செய்வார்.

"ஏம்மா யோகு, ஒருத்தி அழுதா ஒக்காந்து கேக்கப் போற. அதுக்கு எதுக்கு அம்புட்டுப் படிப்பு?"

பிறகு அவர் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. கருப்பம்மாள் என்ற பெண் இறந்தாள். பக்கத்து அறையிலிருந்து ஓடிப் பிழைத்தவள் சோலையம்மாள். சில மாதம் கழித்து அண்ணன் அவளை என்னிடம் அனுப்பினார்.

"இவள நேராக்கிக் காட்டு. ஒன் படிப்ப ஒத்துக்கிடுறேன்."

வெடிமருந்து அடைக்கும் அறைகளின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி தரைக்குள் இறங்கும். உள்ளே போகிறவர்கள் உள்ளங்கையை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். போகாவிட்டால், காற்று வறண்ட நாளில், விரல் நுனியிலிருந்து ஒரு பொறி போதும்.

சோலையம்மாள் தொட்டுவிட்டு இரண்டடி வைப்பாள். திரும்பி வந்து மறுபடி தொடுவாள். மறுபடி வருவாள். பின்னால் ஆட்கள் காத்து நிற்பார்கள்.

"ஏத்தா, தகட்டுக்கு வாக்கப்பட்டுட்டியா?" என்று மாரித்தாய் கேட்பாளாம். ஒரே அறையில் வேலை செய்கிறவள்.

"எம் புருசனுக்கு அது தேவல. குடிச்சிட்டு வந்து அடிக்காதுல்ல."

சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடி தொடுவாள்.

வீட்டிலும் அப்படித்தான். கதவு நிலை, அடுப்பு, தூங்குகிற மகள் ஓவியாவின் நெற்றி. "புள்ள முழிச்சிக்கிட்டுக் கோவிக்கிது டாக்டரம்மா. கை கேக்க மாட்டேங்குது" என்றாள். நான் டாக்டர் இல்லை. அதை அவளுக்குத் திருத்திச் சொல்லவில்லை.

சொன்னதைச் செய்கிறவள். அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது எளிமையானது. பயம் நம்மைக் காப்பாற்றுவதுபோல் இருக்கும். ஆனால் அது நம்மைக் காவல் காக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று பார்க்கிறபோதுதான் மனிதர் வளர்கிறார். இதை இன்றும் நம்புகிறேன்.

அவள் முதலில் அடுப்பை விட்டாள். பிறகு கதவு நிலையை. பிறகு ஓவியாவின் நெற்றியை. ஓவியா விடியும்வரை தூங்கினாள். கம்பெனியில் தகட்டை எல்லோரையும்போல ஒரே தடவை தொட்டு உள்ளே போனாள். வரும்போது எனக்குச் சீரணி மிட்டாய் வாங்கி வந்தாள். அத்துடன் சிகிச்சையை முடித்து அனுப்பியிருக்கலாம்.

ஆடி பிறந்தது. சீசன் சூடு பிடித்தது. கருப்பம்மாள் இறந்த நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. சோலையம்மாள் மறுபடி திரும்பி வந்து தொட ஆரம்பித்தாள். அண்ணன் ரசம் ஊற்றிக்கொண்டே, "ஒன் சோலையம்மா பழையபடி ஆரம்பிச்சிட்டா" என்றார். கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனோ என்று யோசித்திருக்கிறேன். நடந்திருக்க மாட்டேன்.

அந்த வாரம் அவளிடம் சொன்னேன். "நாளைக்குத் தொடாமப் போங்க. ஒரு தடவகூட வேண்டாம்."

"அது எல்லாரும் தொடுறதுதான டாக்டரம்மா?"

"அவங்க தொடுறது விதி. நீங்க தொடுறது பயம்."

அழகான வாக்கியம். அவள் தலையாட்டினாள்.

தகடு எதற்கு என்று தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். எனக்குத் தெரியும். அது என் அப்பா தொடங்கிய கம்பெனி. பள்ளி விடுமுறையில் அந்தத் தகட்டைத் தொட்டு விளையாடி வளர்ந்தவள் நான். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகவே இருந்தது.

மறுநாள் மாலை கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே மாடிக்கு ஓடி வந்தாள். தலையெல்லாம் அலுமினியப் பொடி.

"ஒண்ணும் ஆகல டாக்டரம்மா. எம்புட்டு லேசா இருக்கு தெரியுமா."

அப்படி ஒரு முகத்தை இந்த அறையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாளையிலிருந்து எல்லோரையும்போல ஒரு தடவை தொடுங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய்வரை வந்தது. சொன்னால் அந்த முகம் மாறிவிடும் என்று தோன்றியது. "நல்லது, இப்படியே இருங்க" என்றேன்.

அவள் இப்படியே இருந்தாள். ஆடிக் காற்று வறண்டு வீசிய ஒரு காலையில் அறை வெடித்துப் போய்விட்டது. அவளோடு மாரித்தாயும், மொக்கைச்சாமி என்ற முதியவரும்.

விசாரணையில் போர்மேன் சங்கிலிமுத்து சொன்னார்: "கொஞ்ச நாளாத் தொடாமத்தான் போனா சார். பயம் தெளிஞ்சிருச்சுன்னு நாங்களும் சந்தோசப்பட்டு விட்டுட்டோம்." தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் என் படிப்பைக் கேலி செய்வதில்லை.

ஓவியா இப்போது கீழ்த்தெரு அச்சகத்தில் காலண்டர் கட்டுகிறாள். மாரித்தாயின் வீட்டார் அவளோடு பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால், "ஒங்காத்தா ரெண்டு குடும்பத்தச் சேத்துக் கொளுத்திட்டுப் போயிட்டா" என்கிறார்களாம். நான்தான் அவளை என்னிடம் வரச் சொன்னேன்.

முதல் நாள் கேட்டாள். "அத்தன தரம் தொட்டவ ஏங்க்கா தொடாமப் போனா? ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளா?"

இந்த அறையில் பேசியது இந்த அறையை விட்டுப் போகக்கூடாது என்றேன். அது என் தொழிலின் விதி.

அவளுக்கு அம்மாமேல் கோபம் இருந்தது. கோபத்தோடு வாழ முடியாது. தப்பு செய்தவர்களையும் நேசிக்கலாம் என்று வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தேன். அவளும் அம்மாவைப்போலத்தான். சொன்னதைச் செய்கிறவள்.

நேற்று அவள் சிகிச்சை முடிந்தது. "எங்கம்மாவ மன்னிச்சிட்டேங்க்கா" என்று சொல்லி அழுதாள். பிறகு குனிந்து என் காலைத் தொட்டாள். அவளுக்கு இனி ஒரு குறையும் வராது. அந்தக் குடும்பத்துக்கு என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன்.

அவள் படியிறங்கிப் போனதும் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தொட்டேன். இரண்டு படி இறங்கினேன். திரும்பி வந்து தொட்டேன். கீழே அச்சகத்துக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போகும்வரை இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தேன். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.