நாலு ஊக்கு

…அதான் சார், நானும் அதேதான் கேக்குறேன், இது இஸ்கூலா, சாயப்பட்டறையா? உக்காரு சார். பெரிய டீச்சரு வர்ற நேரந்தான். அந்த பெஞ்சு வாணாம், அதுல களிமண்ணு காஞ்சுகினு கீது. இப்டி வா.

நீதானே அந்த டிரஸ்ட்டு சாரு? பெயிண்டு, பேப்பரு, மேளம் எல்லாம் அனுப்பிச்சு வைக்கிறவரு? நல்லா அனுப்பிச்சே போ. செவ்வா, வெள்ளி ஆனா அடையாறுலேர்ந்து சாருலதா டீச்சர் கைனடிக் ஹோண்டாவுல வந்து எறங்கும். மேளத்துல ஒரு தட்டு தட்டும். அவ்ளோதான், பன்னெண்டு பசங்களும் கைய பக்கெட்டுல முக்கிக்கினு… தரையில, கதவுல, ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன்… அதான் வைத்தியமாம். மாத்திரை கெடியாது, ஊசி கெடியாது. பேசாத கொயந்த படம் போட்டா, ஆடினா, தட்டினா, மனசுல கீறது வெளில வருமாம். வர்ட்டும், நான் வாணான்னா சொல்றேன்? வந்ததையெல்லாம் யாரு கழுவுறது? இந்த சுலோச்சனாதானே. ஆயாவுக்கு இன்னா பத்து கையா கீது?

கைய இன்னா சார் அப்டி பாக்குற? பெயிண்டு சார். கத்திரிப்பூ கலரு. புளி போட்டு தேச்சாலும் போவல. வாரம் ரெண்டு தபா கட்டவெரல்ல ஏறிக்கினே கீது. உடு.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்… ஆங், குல்சும். ராயப்பேட்டையில மெத்த தெக்கிற அப்துல் சமத் பொண்ணு. ஏழு வயசு. பேசாது. யார் மூஞ்சியும் பாக்காது. பேரு சொல்லிக் கூப்டா செவுத்தப் பாத்துக்கினு நிக்கும். ஆட்டிசம்னு சாருலதா டீச்சர் சொல்லிச்சு. அஞ்சு மாசமா வட்டம் வட்டமா போட்டுக்கினு இருந்துச்சு, மனுசப் படமே கெடியாது. போன மாசம் ஒரு செவ்வாக்கெழம, திடீர்னு செவுத்தாண்ட போயி ஒண்ணு போட்டுச்சு பாரு… யாரு? நான். கையில தொடப்பம். வாயி… பாதி செவுரு வாயி சார். உள்ள பல்லு வேற. மொத்த இஸ்கூலும் வந்து நின்னு சிரிக்குது. பெரிய டீச்சரு முந்தானையால வாய மூடிக்கினாங்க. எனக்கு எப்டி இருக்கும்? நான் இன்னா பேசிக்கினேவா கீறேன்? கேட்டா பதில் சொல்றேன், அவ்ளோதான்.

அப்பறம் உனுக்கு ஏதோ லெட்டரு வந்துச்சாமே? இந்த கிளாச நிறுத்துன்னு, பெத்தவங்கன்னு பேரு போட்டு? எவன் எழுதினானோ, நல்லாவே இருக்க மாட்டான். 'பிஞ்சு உள்ளங்கள் பாழாகின்றன'ன்னு வேற போட்டுகீது. அது நான் சொல்லவே இல்ல சார், தபாலாபீசு வாசல்ல எழுதிக் குடுக்குறாரே கணேசமூர்த்தி, அவரா சேத்துக்கினாரு…

…

சரி சார். நான்தான். அப்டிப் பாக்காத. அந்த லெட்டர்ல கீற கைநாட்டு இன்னா கலருன்னு நீதான் பாத்துட்டியே. அன்னிக்கு அவராண்ட மை காஞ்சு போச்சு. நான் செவுத்தப் பாத்த கோவத்துல பக்கெட்டக்கூட முழுசா கழுவாம ஓடியாந்தனா, வெரல்ல ஈரம் அப்டியே இருந்துச்சு. வெச்சு அமுக்கிட்டேன்.

வெள்ளிக்கெழம அந்த செவுத்தக் கழுவச் சொன்னாங்க. சந்தோசமா தேங்கா நாரு எடுத்துக்கினு போனேன். கிட்ட போயி பாத்தா, என் கழுத்துல நாலு கோடு. இன்னாடா இதுன்னு பாத்தா… ஊக்கு சார். பசங்களுக்கு பட்டன் அறுந்தா குத்தி உடறதுக்கு தாலிக் கயித்துல நாலு ஊக்கு மாட்டி வெச்சுக்கினு இருப்பேன். குல்சும் கவுனுக்கே ரெண்டு தபா குத்தி உட்டுகீறேன். அதுல ஒரு ஊக்கு வளஞ்சது. அத வளச்சே போட்டுகீது சார். சாயங்காலம் ஊட்டுக்குப் போயி எங்கூட்டுக்காரராண்ட கேட்டேன், என் கழுத்துல எத்தினி ஊக்கு கீதுன்னு. இருவது வருசமா எதிர்ல குந்தி சாப்புட்ற மனுசன். கொழம்புல உப்பு இல்லன்றாரு. மூஞ்சியே பாக்காத கொயந்த, என்னிய எப்போ சார் பாத்துது? செவுத்தக் கழுவ எடுத்தாந்த வாளித் தண்ணிய அப்பவே செடிக்கு ஊத்திட்டேன்.

லெட்டர நம்பி கிளாச நிறுத்திடாத சார். இதுவரிக்கும் ஒரே ஒரு மனுசப் படந்தான் போட்டுகீது அது. அடுத்து அவங்கப்பன போடலாம், உன்னியக்கூட போடலாம்.

படமா? தோ, அந்த மேப்புக்குப் பின்னாடி. கழுவிட்டேன்னு பெரிய டீச்சராண்ட சொல்லிட்டு மறச்சு வெச்சிருக்கேன். இந்தியா மேப்பு பத்தல, ஒலக மேப்பையும் சேத்து மாட்டினேன். நீ மொதல்ல லெட்டர கிழி, அப்பறம் காட்றேன். …இன்னும் சின்னதா. ஆங்.

இப்ப பாரு. தெரியுதா, நாலாவது, வளஞ்சது?

சார்? இன்னாத்துக்கு சிரிக்கிற? ஊக்கப் பாரு சார். வாயப் பாக்காத.