கில் ஆட்டத்தில் இரண்டு ராஜாக்கள்

— சூப்பை ஓரமா வை, மினோரு. என் முகத்தைப் பாத்துச் சொல்லு. ரெண்டு ராஜாவைக் கையில வெச்சுக்கிட்டு எதுக்குச் சீட்டைக் கவுத்துப் போட்டு ஆட்டத்தை விட்டு விலகினே?

— மெல்லப் பேசு, ஆர்டித். சாப்பிடறவங்க திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். போக்கர் மேஜையில எட்டு பேர் பாத்தாச்சு, இனிமே இந்த கார்டு கிளப்பே பாத்தா என்ன? அடுத்தடுத்து ரெண்டு ஆட்டம் ஜெயிச்சேன். அப்படி ஜெயிச்சா பந்தயத்தை ரெண்டு மடங்காக்கற கில் பட்டனை என் முன்னாடி வெச்சாங்க. சீட்டு வர்றதுக்கு முன்னாடியே எட்டு டாலரை எடுத்து வெச்சேன். நாலு-எட்டு டாலர் பந்தயம் எட்டு-பதினாறு ஆச்சு. என் முறை வந்ததும் இன்னும் ஏத்தினேன். நீ சீட்டை வீசினே. டீலர் கை பட்டு ரெண்டும் நிமிர்ந்து விழுந்துச்சு. ராஜாவும் ராஜாவும். நான் எங்கே போய் மூஞ்சியை வெச்சுக்கறது?

— சீட்டு சரியில்லைன்னு தோணிச்சு. போட்டுட்டேன்.

— ராஜா ஜோடி சரியில்லையா? அதைவிடப் பெரிசு ஆஸ் ஜோடி ஒண்ணுதான். நேத்து ஆட வந்தவன்கூட அதை வெச்சு எதிர்த்து ஏத்துவான். நீ இருபது வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கே.

— வயசாச்சு. பந்தயம் ரெண்டு மடங்கானா பயம் வருது. அவ்வளவுதான்.

— அந்தக் கதையை வேற யார்கிட்டயாவது சொல்லு. கில் வந்தா யார் ஒடுங்குவாங்க, யார் துள்ளுவாங்கன்னு ஒரு வருஷமா உக்காந்து பாத்தவ நான். ஒடுங்கறவங்க நடுத்தரச் சீட்டையெல்லாம் போட்டுடுவாங்க. அதனாலதான் மத்த நேரம் அடுத்தவங்க வெச்ச அளவுக்கே வைக்கற சீட்டுக்கு, கில்லுல நான் பந்தயத்தை ஏத்தறேன். பாதி மேஜை விலகிடும். யாரும் சொல்லித்தரலை, என் புத்தியில நானே கண்டுபிடிச்சது. ஆனா எவ்வளவு ஒடுங்கினாலும் ராஜா ஜோடியை ஒருத்தனும் போடமாட்டான்.

— நீ நல்லாத்தான் ஆடறே. நான் எப்பவும் சொல்றதுதானே.

— அதனாலதான் வயிறு எரியுது. அந்தப் பல் டாக்டர் ஹார்லன் என்ன சொன்னான்? இந்த அம்மா எப்படி கில்லுல மட்டும் ஜெயிக்கறாங்கன்னு இப்பப் புரியுதுன்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னான். நான் மண்டையை உடைச்சு ஜெயிச்சதெல்லாம் நீ போட்ட பிச்சைன்னு ஆயிடுச்சு.

— பிச்சை இல்லை.

— அப்போ கூட்டுக் களவா? காஸ்டில்லோ அப்படித்தான் நினைக்கறாரு. ஃப்ளோர் மேனேஜர், மரியாதையாத்தான் ஓரமாக் கூப்பிட்டுப் பேசினாரு. அந்த மரியாதைதான் இன்னும் குத்துது. ஒரு மாசத்து கேமராப் படத்தை ஓட்டிப் பாத்தாராம். கில் பட்டன் என்கிட்ட இருந்தப்போ பதினொரு தடவை நீ கவுத்துப் போட்டிருக்கே. ரெண்டு மணிக்குள்ள ஒழுங்கான காரணம் சொல்லலைன்னா ரெண்டு பேரும் இந்த வாசலை மிதிக்கக்கூடாதாம்.

— மத்தவங்க கில் வெச்சப்பவும் போட்டிருக்கேனே. அதைப் பாக்கலையா அவரு?

— என்னது?

— யார் வெச்சாலும் சரி. ஹார்லன் வெச்சாலும். பந்தயம் ரெண்டு மடங்கானா நான் இறங்கறதே இல்லை.

— இதை ஏன் அவர்கிட்ட சொல்லலை?

— சொன்னா ஏன்னு கேப்பாரு.

— நானும் அதைத்தானே கேக்கறேன்! மினோரு, என் புருஷன் லோவெல் செத்து நாலு வருஷம் ஆச்சு. வாரம் பூரா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறவங்க இந்த மேஜையில இருக்கறவங்கதான். அங்கேயிருந்து என்னை ஏமாத்துக்காரின்னு வெளிய அனுப்பப் போறாங்க. நீ உக்காந்து சூப்பைக் கிளறிட்டு இருக்கே.

— அது ராஜா ஜோடின்னு, நீங்கள்லாம் சத்தம் போட்டப்பதான் எனக்கே தெரியும்.

— என்ன உளர்றே?

— ஒண்ணு ராணி, ஒண்ணு ஜாக்கின்னு நினைச்சேன். கண்ணுக்கு நடுவுல புகை மாதிரி ஒண்ணு நிக்குது, ஆர்டித். ஓரமெல்லாம் தெரியும், நடு தெரியாது. எண் சீட்டுன்னா சாய்ச்சுப் பிடிச்சுப் புள்ளியை எண்ணிடுவேன். படச் சீட்டு எல்லாம் ஒரே கலர்க் குழம்பு. சின்னப் பந்தயத்துக்கு ஊகத்துல ஆடலாம். ரெண்டு மடங்குக்கு மனசு வரலை.

— எவ்ளோ நாளா?

— கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிலேர்ந்து.

— நடு மேஜையில விரிக்கறாங்களே, அந்தச் சீட்டு?

— பக்கத்துல இருக்கறவன் முணுமுணுப்பான். அதுல பாதி கிடைக்கும்.

— டாக்டர் என்ன சொல்றாரு?

— ஊசி போட்டுப் பாத்தாங்க. போனது திரும்பாதுன்னுட்டாரு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இவ்வளவு நேரமா உன்னைத் திருடன் மாதிரி நிக்க வெச்சுக் கிழிச்சுட்டேனே.

— சொன்னா நீ எனக்கு விட்டுக்கொடுத்து ஆடுவே. அதை என்னால தாங்க முடியாது.

— விட்டுக்கொடுப்பேனா? தெரிஞ்சிருந்தா ஒவ்வொரு கில்லுலயும் உன்னை உரிச்சுத் தொங்க விட்டிருப்பேன்.

— அப்படின்னா சொல்லியிருக்கலாம்தான். சரி விடு. நானே போய் காஸ்டில்லோகிட்ட சொல்லிடறேன். டாக்டர் கொடுத்த காகிதம் பையிலதான் இருக்கு. உன் பேர் சுத்தமாயிடும்.

— உன் நாற்காலி?

— போயிடும். சீட்டைப் பாத்துச் சொல்ல பக்கத்துல ஒருத்தரை வெச்சுக்கிட்டு ஆட விடமாட்டாங்க. பரவாயில்லை. சொல்லிட்டு வந்ததும் கிளம்பலாம், வழக்கம்போல என் கார்ல உன்னை வீட்டுல இறக்கி விட்டுடறேன். இந்த நேரத்துல வெர்மாண்ட் அவென்யூல கூட்டம் இருக்காது.

— என்ன செய்யப் போறே?

— இறக்கி விடறேன்னேன்.

— மினோரு. உன்னை நம்பி நான் என் காரையே வித்துட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிலேர்ந்து என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, இந்தக் கண்ணோடயா ஓட்டிட்டு இருந்தே? சாவியை எடு. எடுத்து மேஜை மேல வை. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான், இன்னிக்கு நான் ஓட்டறேன். இவ்ளோ நாளா சிக்னலை எப்படிப் பாத்தே நீ?

— நான் எங்கே பாத்தேன்? பச்சை வந்தாச்சு, போ போன்னு நீதானே தினமும் என்னைத் திட்டுவே.