இனிப்பு பிஸ்கட்டும் சீஸ் பிஸ்கட்டும்

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு கணவனும் மனைவியும். அவருக்குச் சர்க்கரை, அந்த அம்மாவுக்கு பிரஷர். அவர் கையில் கிரீம் பிஸ்கட், அந்த அம்மா கையில் சீஸ் பிஸ்கட்.

“அதுல கொழுப்பு எம்புட்டு இருக்குன்னு பாரு புள்ள.”

“உங்களவிடக் கம்மிதான்.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் தன் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார்.

“இதுல கோதுமை இருக்கு. நார்ச்சத்து சேத்துக்கங்கன்னு டாக்டரே சொன்னாருல்ல?”

“அட்டையில மொதல்ல சீனியத்தான போட்டுருக்கான்? கோதுமை அதுக்குக் கீழ கெடக்கு. இது பாலுல செஞ்சதுங்க, எலும்புக்கு நல்லது.”

“அதுல உப்பு எம்புட்டுன்னு நீ வாசிக்கலையே?”

“எழுத்து பொடிசா இருக்கு, தெரியல.”

“சீனி மட்டும் தெரியுதாக்கும்!”

வெளியே பருத்திக்காடு ஓடியது. பிறகு அவரே சமாதானத்துக்கு வந்தார்.

“எனக்கு இனிப்பு ஆகாது, ஒனக்கு உப்பு ஆகாது. பேசாம மாத்திக்கிருவோம்.”

மாற்றிக்கொண்டார்கள். அவர் ஒன்றைக் கடித்ததுமே முகம் சுளித்தார்.

“புளிச்ச மோரு கணக்கா நாறுது. இதப் போயி எப்படி ஆசையா வாங்குன?”

அந்த அம்மா கிரீம் பிஸ்கட்டை இரண்டாகப் பிரித்து, கிரீமை நிதானமாக நக்கி முடித்தார்.

“எனக்கு சீஸே புடிக்காதுங்க. மாத்திக்கிருவோம்னு நீங்களா சொல்லட்டும்னுதான் வாங்குனேன்.”