வெளிக்காயம் இல்லாத செல்வம்

“படுங்கடா! படு!”

செல்வம் கத்துகிறான். நான் படுக்கவில்லை. ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். தலைக்கு மேல் குண்டு வரும் விசில் சத்தம். அது நின்றது. அதுதான் மோசம். பிறகு ஒரே ஒரு ‘டம்’. காது அடைத்துவிட்டது. கிடங்கின் இரும்புக் கதவு பெயர்ந்து எங்கள் இருவர் நெஞ்சிலும் மோதியது.

செல்வம் என் தங்கை மல்லிகாவின் கணவன். காட்டுமன்னார்கோயில்காரன். நான் சிதம்பரம். கடலூர் ஏஜென்ட் ஒருவன் மூலம் அந்த வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை ஏற்றப் போனோம். சண்டையெல்லாம் எல்லையோடு சரி என்றான். நான் அன்றைக்கே நம்பவில்லை. ஆனாலும் போனேன்.

எழுந்து பார்க்கிறேன். எங்கள் சட்டைகூடக் கிழியவில்லை. கூட இருந்த நான்கு பேர் எழவில்லை. கம்பெனி ஆள் வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தான். வெளிக்காயம் இல்லை, விமானம் ஏறலாம் என்றான்.

சிதம்பரம் வந்தும் நெஞ்சு சரியில்லை. துடிப்பு நடுநடுவே தடுக்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஈசிஜி எடுத்தார். ரத்தம் எடுத்தார். வார்டில் படுக்கச் சொன்னார். கீறல்கூட இல்லாதவனுக்கு எதற்குப் படுக்கை? மாத்திரையை விழுங்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

“இது எதுக்கு?”

“துடிப்பு தாறுமாறா ஓடுது. அத ஒழுங்குபடுத்த.”

“ஹார்ட் அட்டாக்குன்னா ரத்தம் இளக்குற மாத்திர தராங்களே. எனக்கு ஏன் தரல?”

“உங்களுக்கு அடைப்பு இல்லீங்க. அடிபட்டு இதயத் தசை கன்னிப்போயிருக்கு. இப்ப ரத்தத்த இளக்குனா உள்ளுக்குள்ள கசியலாம். வலிக்கு வேற தரேன்.”

கேட்டதற்குப் பதில் சொன்னார். அதற்காக மட்டும் விழுங்கினேன். உடனே செல்வத்துக்குப் போன் போட்டேன்.

“மச்சான், உனக்கும் இதே அடிதான். கெளம்பி வா.”

“இப்ப தேவலாம் மச்சான். எங்கப்பா மாத்திரயதான் போடறேன். அவருக்கும் நெஞ்சுவலிதான வந்துச்சு.”

எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். ஒரே வலி என்றால் ஒரே மாத்திரை. பிரஷர் மாத்திரை பக்கத்து வீடு வரை போகும். செல்வத்தின் அப்பாவுக்கு இதய அடைப்புக்காக ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவர் மாத்திரை ரத்தத்தை இளக்குவது. தன் பங்கைப் பிரித்து மகனுக்குக் கொடுத்திருக்கிறார்.

“போடாத! பஸ்ஸுக்கு நிக்காத! ஆம்புலன்ஸக் கூப்புடு!”

வார்டே திரும்பிப் பார்த்தது.

சைரன் கேட்கிறது. ஜன்னலுக்கு ஓடுகிறேன். முதலில் மல்லிகா இறங்கினாள். பிறகு ஸ்ட்ரெச்சர். செல்வத்தின் உதடு வெளுத்திருந்தது. இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்ந்துவிட்டது, இதயம் விரிய இடமில்லை என்றார் டாக்டரம்மா. ஊசி குத்தி அந்த ரத்தத்தை வெளியேற்றிப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை.

அவன் அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மனிதர் இப்போது தன் மாத்திரையையே தொடுவதில்லை. மல்லிகாதான் கெஞ்சி வாயில் போடுகிறாள்.

கடலூர் போய் ஏஜென்டைப் பிடித்தேன். செத்தவர் கணக்கில் செல்வத்தையும் சேர்க்கச் சொன்னேன்.

“கம்பெனி கணக்குல நாலு பேருதாங்க. இவரு ஊருக்கு வந்துதான செத்தாரு? அதுவும் மாத்திர மாத்திப் போட்டு.”

மாத்திரை விஷயம் இவனுக்கு யார் சொன்னது? இன்றுவரை தெரியவில்லை. நான் விடுவதாகவும் இல்லை.

அந்தக் கதவு என் மேலும் விழுந்தது. அதனால் நான் சொல்கிறேன். கிடங்கில் நான்கு பேர். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் செல்வம், வயது முப்பத்தொன்று. அந்தக் குண்டு கொன்றது ஐந்து பேரை.