கடைசிக் கிண்ணம்

ஜெபவீட்டில் பாய் விரிப்பது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள் சார். முதல் பாய் கோணினால் மொத்த வரிசையும் கோணிக்கொள்ளும். ராயபுரத்தில் துணிக் குடோன் மாடியில் இருக்கும் எங்கள் ஜெபவீட்டில், மீசை முளைத்த நாளிலிருந்து அது என் வேலை. மைக் கட்டுவது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது, சாவி வைத்திருப்பது எல்லாம் நான்தான். வெள்ளகோவில் பக்கம் தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பீடி, குடி எதையும் நான் தொட்டதில்லை. அதைப் பற்றி யாரும் விசாரித்ததும் இல்லை.

முனீஸ் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். நான் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் பனியன் கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர். குடித்துக் குடித்து வேலை போகவிருந்தவனை ஜெபவீட்டுக்குக் கூட்டி வந்ததே நான்தான். திருந்தினான், மறுபடி விழுந்தான், அழுதுகொண்டே திரும்பி வந்தான். ஒவ்வொரு முறையும் பாஸ்டர் ஓடிப்போய், "வா கண்ணு, உன்னயத்தான் பாத்துட்டிருந்தோம்" என்று கட்டிக்கொண்டார். ஆண்டவர் தன்னை மீட்ட கதையை அவன் எழுந்து சாட்சி சொன்னால் சபையே கண்ணைத் துடைக்கும். நான் சாட்சி சொன்னால் ஆளாளுக்குப் போனைப் பார்ப்பார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏனுங்க பாஸ்டர், அவன் என்ன செஞ்சுட்டான்னு இத்தன பாசம்?"

"ஒண்ணும் செய்யலீங்க. அதுதானுங்க தேவ அன்பு. நீங்க ஒண்ணுமே செய்யாட்டியும் ஆண்டவர் உங்களையும் அப்படித்தான் நேசிப்பாருங்க."

ஆறுதலாகச் சொன்னதாக அவர் நினைத்திருப்பார். அப்படியானால் நான் இத்தனை வருஷம் விரித்த பாய்க்கு என்ன மதிப்பு? அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் முனீஸ் முகம்தான் வரும்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு சார். மேசையில் கிடக்கும்போது எல்லாப் பீஸும் நல்லதாகத்தான் தெரியும். விளக்கடியில் இழுத்துப் பார்த்தால்தான் ஓட்டை கண்ணில் படும். கடைசியாகத் திரும்பி வந்தபின் முனீஸ் ஒரு வருஷம் குடிக்கவில்லை. அவனைச் சபை மூப்பராக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். நான் இழுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

முதலில் அவன் சாப்பாட்டுப் பையில் ஒரு குவாட்டர் பாட்டிலை வைத்தேன். நேராக என்னிடமே கொண்டுவந்தான். "யாரோ வெளையாடுதாக அண்ணே. நீங்களே கொட்டிருங்க. எனக்கு உங்கள விட்டா இங்க யாரு இருக்கா?" கொட்டினேன். அன்று எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

திருவிருந்தில் நாங்கள் மது வைப்பதில்லை. முனீஸ் போன்றவர்களை நினைத்தே வெறும் திராட்சைச் சாறு. சின்னக் கிண்ணங்களில் ஊற்றித் தட்டில் நான் கொண்டுபோவேன். எல்லோரும் எடுத்தபின் கடைசிக் கிண்ணத்தைத்தான் அவன் எடுப்பான், அவ்வளவு தாழ்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கிண்ணத்தில் பிராந்தியை ஊற்றி, நிறத்துக்குக் கொஞ்சம் சாறு சேர்த்தேன்.

உதட்டில் பட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். துப்பியிருக்கலாம். கர்த்தருடைய இரத்தம் என்று சொல்லிக் கொடுத்ததை அவன் எப்படித் துப்புவான்? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

அந்த ஒரு வாய் அவனைக் கடைக்கு இழுத்துப்போயிருக்கிறது. சாயங்காலம் நல்ல போதையில் ஜெபவீட்டின் இரும்புப் படியேறி வந்தான். நான் உள்ளே கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன். "அண்ணே, கதவத் தொறங்க. உள்ள வந்து அழுதுட்டுப் போயிருதேன்" என்று தட்டினான். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு படியில் உருளும் சத்தம். கீழேயிருந்து கொஞ்ச நேரம் "அண்ணே, அண்ணே" என்றான். எவர்சில்வரை ஈரத்தோடு வைத்தால் கறை பிடிக்கும் சார். எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிட்டு நான் இறங்கியபோது சத்தம் நின்றிருந்தது.

போதையில் தவறி விழுந்து செத்தான் என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். நானும் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. நேற்று அவன் மனைவி கருத்தம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பால் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் போனேன். அவள் கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

"நாளைக்கு எனக்கு மனசு மாறிப்போயிரும்ண்ணே. அதுக்கு முன்ன சொல்லிருதேன். மன்னிச்சிட்டேன்" என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு எழுந்துபோய்ச் சோறு போட்டாள். தட்டைத் தொடாமல் ஓடிவந்துவிட்டேன்.

அவளுக்கு மனசு மாறவில்லை சார். இப்போதும் ஸ்டேஷன் வாசலில் எனக்குச் சாப்பாட்டோடு நிற்கிறாள். அவளைத் தயவுசெய்து போகச் சொல்லுங்கள். நான் யாரிடமும் எதையும் சும்மா வாங்கிப் பழகியவன் இல்லை. தூக்கோ ஆயுளோ, எனக்குச் சேரவேண்டியதை நீங்கள் கொடுங்கள். அது நான் உழைத்துச் சம்பாதித்தது.