குழிக்குள்ளிருந்து வராத நான்கு வரிகள்

செவ்வியலின் சீர் காத்த செம்மலே, முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் மறதிக்கு மருந்தாய் வாய்த்த மாண்பாளரே, மேடைமுன் குழியில் அமர்ந்து வசனம் எடுத்துக்கொடுத்த வள்ளலே, ஒனேசிம் லவோ பெருந்தகையீர், வணக்கம்!

பாரிஸில் மன்னர்கள் மாறினார்கள், கொடிகள் மாறின. அந்தக் குழியும் அதற்குள் மின்னும் உங்கள் மூக்குக்கண்ணாடியும் மட்டும் மாறவில்லை. அறிவே அரசு, அளவே அழகு என்றீர்கள். கதை ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும். சமையலறைச் சொல் செய்யுளில் நுழையக் கூடாது. மேடையில் வாய்தவறி 'வெங்காயம்' என்றுவிட்ட நடிகரோடு ஒரு மாதம் நீங்கள் பேசவில்லை. அவரும் இங்கே அமர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இளங்கவி பிளாசித், விதியைவிட உணர்ச்சியே பெரிதென்னும் தம் புனைவியல் நாடகத்தைக் கொண்டுவந்தபோது, தேர்வுக் குழுவின் வாக்குப் பெட்டியில் 'வேண்டாம்' என்று கறுப்புக் குண்டு போட்டவர் நீங்கள் ஒருவரே.

"தம்பி, உன் கதை பன்னண்டு வருசம் ஓடுது. அதுவரைக்கும் ஜனம் உக்காந்திருக்குமா?" என்றீர்கள்.

"துக்கம் கடிகாரம் பாத்தா வருது, ஐயா?" என்றார் அவர்.

மற்றவர்கள் ஏற்றதால் நாடகம் தேர்வானது. நீங்களோ அவருடைய பிரதியை வரி விடாமல் மனப்பாடம் செய்தீர்கள்.

முதல் இரவு. பாதிப் பேர் நாடகத்தைக் கேலி செய்து கவிழ்க்க விசிலோடுதான் வந்திருந்தார்கள். நாடகம் விழுந்தால் அரங்கமே பூட்டப்படும் என்பதை அறியாதவர் எங்களில் எவருமில்லை. கடலில் கணவனைப் பறிகொடுத்த மீனவப் பெண்ணாக நின்ற ஸெலஸ்தீன், கடைசிக் காட்சியில் நான்கு வரிகளை மறந்து நின்றார். எடுத்துக்கொடுக்க வேண்டிய நீங்கள் கொடுக்கவில்லை. மனைவியாரை அடக்கம் செய்த அன்று மாலையும் குரல் பிசகாமல் பணிபுரிந்த நீங்கள், குழிக்குள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தீர்கள். அதைக் கண்ட ஸெலஸ்தீன் வாயில் வந்ததைச் சொன்னார்:

"வச்ச சூப்பு இன்னும் ஆறல. இத இனி யாருக்கு ஊத்துவேன்?"

சீரும் இல்லை, தளையும் இல்லை, போதாக்குறைக்குச் சூப்பு வேறு. ஆனால் ஒரு விசில்கூட எழவில்லை. முன்வரிசை வழுக்கைத் தலைகளெல்லாம் கைக்குட்டையைத் தேடின. இன்று நாடகம் நாற்பது இரவுகளைத் தாண்டிவிட்டது. எங்கள் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. தம் நான்கு வரிகளை அடித்துவிட்டு அந்த ஒற்றை வரியையே பிளாசித் பிரதியில் எழுதிக்கொண்டார்.

நீங்களோ மறுநாட் காலையே மேலாளரிடம் கடிதம் நீட்டினீர்கள்: "என் அறிவு தவறியது. இப்பணிக்கு இனி நான் தகுதியற்றவன்." அவர் கெஞ்சியதால் இதுவரை இருந்தீர்கள், எங்கள் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. அது எங்களுக்கு மிகவும் வலித்தது.

பெரியீர், அறுபத்தெட்டு வயது முழங்கால்களுக்கு ஓய்வு உரியது. ஓய்வை ஏற்கிறோம், காரணத்தை ஏற்க மாட்டோம். நீங்கள் கற்பித்த அளவு இல்லையேல் எங்கள் அழுகை வெறும் கூச்சல். அன்று நீங்கள் அழுதிராவிட்டால் அந்த அளவு வெறும் கணக்கு. நல்ல உறக்கமும் நல்ல பசியும் நோயற்ற நெடுநாளும் உங்களுக்கு வாய்க்கட்டும்.

நாளை இந்தப் பருவத்தின் கடைசி இரவு. மூன்றாம் வரிசையின் நடு இருக்கை உங்களுக்கு. இத்தனை ஆண்டுகளில் ஒரு நாடகத்தையேனும் நீங்கள் சனங்களோடு அமர்ந்து பார்த்ததில்லை. ஸெலஸ்தீன் சொல்லச் சொன்னது இது:

"நாளைக்கு நான் மறந்து நின்னாலும் எடுத்துக் குடுத்துராதீங்க, ஐயா. அழுகை வந்தா அழுங்க. நானும் பாக்கிறேன்."

இங்ஙனம்,
உங்கள் அன்பில் நனைந்த நடிகர்கள், விளக்கேற்றுவோர், திரை இழுப்போர், தையற்பெண்கள்
பாரிஸ், மே 1831