பொய்யாகக் கத்தாத கருவி

வாழைப்பழத்திலும் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு, இன்ஸ்பெக்டர். பயப்படாமல் சாப்பிடுங்கள். உரமூட்டையிலும் உண்டு, தரை ஓட்டிலும் உண்டு. சிக்கலே அதுதான். பழைய இரும்புக் கடை வாசலில் நாங்கள் வைக்கும் கதிரியக்கம் அறியும் கருவிக்கு ஓடு எது, ஆபத்து எது என்று தெரியாது. வைத்த அளவைத் தாண்டினால் கத்தும். மாசாய் ஊரில் செல்லம் அக்கா இரும்பு பிரிக்கும் கடையில் அது நாள் முழுவதும் கத்தியது. லாரிகள் சாலைவரை நின்றன.

நான் அந்த அளவைச் சற்று உயர்த்தினேன். கத்தல் நின்றது. பொய் எச்சரிக்கையே தராத கருவி என்று ஒரு கட்டுரை எழுதினேன். அணுப் பாதுகாப்பு ஆய்வாளர் சங்கம் விருது அறிவித்தது. எங்கள் துறையில் இது அபூர்வம். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்? அணுக்கழிவைப் பற்றியே பேசிப் பேசி, கல்யாண வீடுகளில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். செனாய் டவுனில் ஒரு தையற்கடையில் கோட்டு தைக்கக் கொடுத்தேன். தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் அடக்கமாகத் தெரியும் என்று கண்ணாடி முன் ஆராய்ந்தேன். இடப்பக்கம்.

விழாவில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் செல்லம் அக்காவைக் கேட்டிருந்தேன். அழைப்பிதழோடு கடைக்குப் போனேன்.

"வாங்க டாக்டர். உங்க மெஷின் ரொம்ப நல்ல பிள்ளையாயிடுச்சி, வாயே தெறக்கிறதில்ல. விழாவுல மக்கான் உண்டா, இல்ல வெறும் பேச்சுதானா லா?"

"பஃபே, அக்கா."

"அப்ப வரேன்."

அழைப்பிதழை இடக்கையால் வாங்கினார். வலக்கை விரல்கள் சிவந்து கொப்பளித்திருந்தன. கிளினிக்கில் அலர்ஜி என்று ஆயின்மெண்ட் கொடுத்தார்களாம்.

என் பையிலிருந்த சிறு அளவுகருவியை எடுத்தேன். அவர் பித்தளை சேர்க்கும் டப்பா அருகே முள் கோடியில் முட்டி நின்றது. உள்ளே பளபளப்பான சிறு குழாய். தொழிற்சாலைத் தொட்டிகளில் மட்டம் பார்க்கும் சாதனத்துக்குள் இருக்கும் கதிரியக்கச் சீசியம். ஈய உறையோடு வாசலைக் கடந்தபோது மிகக் கொஞ்சம்தான் வெளியே தெரிந்திருக்கும். பழைய அளவுக்குக் கருவி கத்தியிருக்கும். என் அளவுக்குக் கத்தவில்லை. கடையில் உறையை வெட்டியிருக்கிறார்கள்.

"அது பித்தளை இல்லியா டாக்டர்?"

"இல்லக்கா, சும்மா எஃகு."

இடுக்கியால் எடுத்து ஈயப் பெட்டியில் பூட்டினேன். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. பிறகு, கிளினிக் சொன்னது சரிதான், அலர்ஜிதான் என்றேன். காரணம் மருத்துவருக்குத் தெரிந்தால்தான் இந்தப் புண்ணுக்குச் சரியான சிகிச்சை தொடங்கும். இதை மருத்துவர்களுக்கே வகுப்பெடுத்திருக்கிறேன். சொல்லியிருந்தால் விருது போயிருக்கும். பாதியாகக் குறையவே முப்பது ஆண்டு எடுக்கும் பொருள் ஒரு வாரம் பொறுக்காதா என்று நினைத்தேன். சீசியம் பொறுத்தது. விழா முடிந்த திங்கட்கிழமை நானே மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். மூன்று விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

விழா நன்றாக நடந்தது. செல்லம் அக்கா ஊதாச் சேலையில் வந்து, "எங்க கடையில இப்ப சத்தமே இல்லீங்க, எல்லாம் டாக்டர் புண்ணியம்" என்றார். என் பெயரை அழைத்ததும் அரங்கம் எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மட்டும் தட்டாமல் இருந்தார். உண்மையைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர், அது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது.